இரண்டு வேளை தீட்டியும் பல் ஏன் கெடுகிறது?

கேள்வி:

டொக்டர், நாங்கள் திருகோணமலை, திருக்கடலூரில் இருக்கிறோம். வீட்டில் எல்லோரும் காலையும் இரவும் பல் தீட்டுகிறோம். பற்பசையும் விலை பார்க்காமல்தான் வாங்குகிறோம். அப்படியிருந்தும் 5 வயது மகனுக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்துக் கரைந்துவிட்டன. இப்போது கொடுப்புப் பல் ஒன்றிலும் ஓட்டை. கணவர் கடற்றொழில் செய்கிறார், இரவில்தான் கடலுக்குப் போவார். அவருக்கு இரண்டு பல் கழட்டியாயிற்று. மூன்றாவது பல் வலிக்கும்போதெல்லாம் கராம்பு எண்ணெய் வைத்துச் சமாளிக்கிறார். எனக்குத் தீட்டும்போது இரத்தம் வருகிறது. ஆனால் 68 வயது மாமி உமிக்கரியில்தான் விளக்குகிறார், வெற்றிலையும் போடுகிறார், அவருக்கு ஒரு சூத்தைகூட இல்லை. "உங்கட பேஸ்ட்தான் பல்லைத் தின்னுது" என்கிறார். இது பரம்பரையா, பேஸ்ட்டின் பிழையா? மகனுக்குப் பாற்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அதுதான் தள்ளிப்போட முடியாதது. பாற்பல்தானே என்று விடக்கூடாது. முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும், சரி. ஆனால் கொடுப்புப் பாற்பற்கள் 10 வயது, சிலருக்கு 12 வயது வரைக்கும் வாயில் இருந்து வேலை செய்ய வேண்டியவை. ஓட்டை விழுந்த பல்லோடு உங்கள் மகன் இன்னும் ஐந்தாறு வருடம் சோறு மென்றாக வேண்டும். சூத்தை உள்ளே இறங்கிச் சீழ் கட்டினால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கும் கேடு வரலாம். சரி, கழட்டிவிடலாம் என்றால், பக்கத்துப் பற்கள் அந்த வெற்றிடத்துக்குள் சாய்ந்துவிடும். பிறகு வரும் பல்லுக்கு இடமிருக்காது, அது கோணலாக முளைக்கும். ஆகவே மருந்து அடைக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே அடைத்துவிடுவதுதான் நல்லது.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் மகன் சரியாக அந்த வயதில் நிற்கிறான். 6 வயதளவில் கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால் ஒரு புதிய கொடுப்புப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல், சத்தமில்லாமல் முளைப்பதால் பெற்றோர் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் பாற்பல் என்றே நினைக்கிறார்கள். அது நிரந்தரப் பல். அதற்குப் பிறகு அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. மேற்பரப்பில் ஆழமான குழிகளோடு வருவதால் சூத்தை பிடிப்பதும் அதில்தான் சுலபம். 8, 9 வயதுப் பிள்ளைகளின் நிரந்தரப் பல் பாதி கரைந்த பிறகு, "இது விழுந்து முளைக்கும்தானே டொக்டர்" என்று கேட்கும் தாய்மாருக்குப் பதில் சொல்வது எனக்கு எப்போதும் வேதனையான வேலை. மாதம் ஒரு தரம் கைப்பேசி வெளிச்சத்தில் மகனின் வாயின் கடைசிவரை பாருங்கள். அந்தப் பல் முளைத்ததும் பல் வைத்தியரிடம் காட்டினால், குழிகளை மூடும் ஒரு பூச்சுப் போட்டுவிடலாம். வலி இருக்காது.

இனி ஏன் கெட்டது என்பதற்கு வருவோம்.

மேல் முன்பற்கள் நான்கும் போய்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். கீழ் முன்பற்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவை நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மகன் இரவில் போத்தலில் பால் குடித்துக்கொண்டே தூங்குகிறான், அல்லது அண்மைக்காலம் வரை அப்படித் தூங்கினான். பால்மாவோடு சீனியும் போட்டிருப்பீர்கள். இதை ஊகிப்பதற்குப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை. போத்தலைச் சூப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்ளும், அங்கே உமிழ்நீரும் நிறையச் சுரக்கும், அதனால் கீழ்ப்பற்கள் தப்பிவிடும். மேல்பற்களைச் சுற்றி இனிப்புப் பால் தேங்கி நிற்கும். பிள்ளை தூங்கிய பிறகு உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுவதால் அதைக் கழுவிவிட வழியில்லை. காலையில் நீங்கள் எவ்வளவு நன்றாகத் தீட்டினாலும், இரவு முழுவதும் நடந்ததை அந்த இரண்டு நிமிடம் திருப்பிவிடாது.

இதில்தான் உங்கள் முழுக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. நம் எல்லோர் பல்லிலும் கிருமிகள் படலமாக ஒட்டியிருக்கின்றன. சீனி வாய்க்குள் போனதும் அவை அதைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். சில நிமிடங்களிலேயே பல்லின் மேற்பரப்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அந்த அமிலத்தை ஆற்றி, இழந்த சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். வாய் பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னொரு மிடறு இனிப்புத் தேத்தண்ணி, இன்னொரு பிஸ்கட் என்று போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். உமிழ்நீருக்கு அவகாசமே கிடைக்காது. ஆகவே எவ்வளவு சீனி என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை தரம் என்பதுதான் பல்லைப் பொறுத்தவரை பெரிய கேள்வி. நீங்கள் இரண்டு வேளை தீட்டுவதை எண்ணியிருக்கிறீர்கள். வீட்டில் ஒவ்வொருவர் வாயிலும் எத்தனை வேளை இனிப்புப் போகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

நம் ஊரில் அந்த எண்ணிக்கை சுலபமாக ஏறிவிடும். விடிந்ததும் ஒரு தேத்தண்ணி, பத்து மணிக்கு ஒன்று பணிஸோடு, பின்னேரம் ஒன்று, யாராவது வீட்டுக்கு வந்தால் இன்னொன்று. பிள்ளை கடைக்குப் போனால் மிச்சக் காசுக்கு டொபி. வெயிலுக்குக் குளிர்பானம். வெறுந்தேத்தண்ணிக்குச் சீனியைத் தவிர்த்துப் பனங்கட்டி கடித்தால் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். பனங்கட்டியில் வேறு சத்துகள் இருக்கலாம், ஆனால் பல்லில் இருக்கும் கிருமிக்கு அதுவும் சீனிதான். வாயில் வைத்து மெதுவாகக் கரைய விடுவதால் இன்னும் அதிக நேரம் நிற்கும். தேனுக்கும் இதே கதைதான்.

உங்கள் கணவரின் பற்களும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இரவில் கடலுக்குப் போகிறவர்கள் தூக்கம் வராமலிருக்க ஒரு பிளாஸ்க் நிறையச் சீனி கூட்டிய தேத்தண்ணி கொண்டுபோவார்கள். வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு மிடறாகக் குடிப்பார்கள். அரை மணிக்கு ஒரு மிடறு என்றால் விடியும்வரை பல் அமிலத்திலிருந்து வெளியே வரவே வராது. போதாக்குறைக்குக் கடற்காற்றில், தண்ணீர் குறைவாகக் குடித்து, வாயும் காய்ந்திருக்கும். கரைக்கு வந்ததும் களைப்பில் அப்படியே படுத்துவிடுவார். நீங்கள் இரவில் தீட்டும்போது அவர் தீட்டிவிட்டுப் போவார். அவருடைய இரவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது! அவர் தீட்டவேண்டியது கரைக்கு வந்து, சாப்பிட்டு, படுக்கப் போகும் முன்.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. தூக்கத்தை விரட்டுவது தேயிலைதான், சீனி இல்லை. சீனியைப் பாதியாகக் குறைத்து, பிறகு அதிலும் பாதியாக்கி, நாக்குப் பழகியதும் இல்லாமலே கொண்டுபோகலாம். அதுவரைக்கும், குடிப்பதை ஒரே முறையில் குடித்து முடித்துவிட்டு இரண்டு வாய் நல்ல தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அந்தச் சின்ன மாற்றமே அவர் பல்லுக்கு நிறையச் செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், நாம் சேர்த்துக்கொள்ளும் சீனி உடலுக்கு வேண்டிய சக்தியில் 10 வீதத்துக்குள் இருக்கவேண்டும், 5 வீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது என்கிறது. 5 வீதம் என்பது வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டி. கோப்பைக்கு மூன்று கரண்டி போடும் வீட்டில் இரண்டாவது தேத்தண்ணியோடு அது முடிந்துவிடும்.

மகனுக்கு: 5 வயதில் போத்தல் வேண்டாம். ஒன்றரை வயதுக்குள் கோப்பைக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது. ஆனால் இன்றிரவே பறித்தால் வீடே தூங்காது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு மூன்று இரவுக்கு ஒரு தரம் சீனியைக் கொஞ்சம் குறையுங்கள். சீனி முழுவதும் நின்ற பிறகு பாலைக் கோப்பையில், படுக்கைக்கு வெளியே, உட்கார வைத்துக் கொடுங்கள். பிறகு பல் தீட்டி, அதன்பின் தண்ணீர் மட்டும். சில நாள் அழுவான். தாங்கிக்கொள்ளுங்கள். இனிப்பே கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கிடைத்தால் சாப்பிடட்டும், பிறந்தநாள் கேக்கும் சாப்பிடட்டும். சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துச் சாப்பிட்டு முடிப்பதுதான் முக்கியம். ஒரு பைக்கற் டொபியைக் கையில் கொடுத்து மத்தியானம் முழுவதும் ஒவ்வொன்றாகச் சூப்ப விடுவதுதான் கேடு. குளிர்பானம் வாங்கினால் போத்தலில் இருக்கும் வட்டத்தைப் பாருங்கள். இலங்கையில் 2016இலிருந்து சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறக்குறியீடு போடுகிறார்கள். சிவப்பு என்றால் சீனி கூட. ஆனால் பச்சை என்றாலும் குளிர்பானத்தில் புளிப்பு இருக்கிறது, அதுவும் பல்லைக் கரைக்கும். தாகத்துக்குத் தண்ணீர்தான்.

புளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய், அன்னாசி, வீட்டில் தேசிக்காய்த் தண்ணீர், எல்லாம் நல்ல சாப்பாடுதான். ஆனால் சாப்பிட்ட கையோடு பல் தீட்டாதீர்கள். புளிப்பால் மிருதுவாகியிருக்கும் மேற்பரப்பைப் பிரஷ் உரசி எடுத்துவிடும். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி பொறுங்கள். பல் வெள்ளையாக வேண்டுமென்று தேசிக்காயும் உப்பும் வைத்துத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படித் தேய்ந்த பல் திரும்பி வளராது.

இப்போது மாமி. பரம்பரை என்று ஒன்று கொஞ்சம் இருக்கிறது. பல்லின் அமைப்பு, உமிழ்நீரின் தன்மை ஆளுக்காள் வேறுபடும். ஆனால் ஒரு வீட்டில் எல்லோருக்கும் சூத்தை இருந்தால், இரத்தத்தில் வந்ததைவிட அடுப்படியில் வந்ததுதான் அதிகம். ஒரே சீனிப் போத்தல், ஒரே பழக்கம். மாமியிடம் கேட்டுப் பாருங்கள், அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாளில் எத்தனை தரம் இனிப்புச் சாப்பிட்டார் என்று. பல் உறுதிப்படும் அந்த வயதில் பிஸ்கட்டும் டொபியும் இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவில்லை. அவரைக் காப்பாற்றியது அதுவாகத்தான் இருக்கவேண்டும், உமிக்கரி அல்ல. உமிக்கரி கரகரப்பானது. பல வருடம் விரலால் தேய்த்தால் பல்லும் முரசும் சேரும் இடத்தில் பள்ளம் விழும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். அதில் புளோரைட்டும் இல்லை. பேஸ்ட் பல்லைத் தின்பதில்லை. சூத்தையை எதிர்த்து வேலை செய்வது அதிலுள்ள புளோரைட்தான். உங்களுக்கும் கணவருக்கும் புளோரைட் 1450 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1450 பங்கு) அளவுள்ளதும், மகனுக்கு 1000 பிபிஎம்முக்குக் குறையாததும் நல்லது. மட்டையில் போட்டிருப்பார்கள். விலை கூடிய பேஸ்ட்தான் வேண்டுமென்றில்லை, அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மகனுக்கு ஒரு பட்டாணி அளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். துப்பியபின் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம், கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும். 7, 8 வயது வரைக்கும் அவனுக்கு நீங்கள்தான் தீட்டிவிட வேண்டும். சப்பாத்து நாடாவைக் கட்டத் தெரியாத கை கொடுப்புப் பல்லின் பின்பக்கத்தைத் தீட்டாது.

ஆனால் மாமியைப் பற்றி நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்படுத்தியது உமிக்கரி இல்லை. வெற்றிலை. அதை ஒரே ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் நான் முதலில் பார்க்க விரும்பும் வாய் அவருடையதுதான்.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. பெண்களையும் அது விடுவதில்லை. புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து, வெறும் பாக்கும் சுண்ணாம்பும் என்றால் ஒன்றும் செய்யாது என்று மூதூரிலிருந்து குச்சவெளி வரைக்கும் சொல்லக் கேட்கிறேன். அது சரியில்லை. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம், பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். பாக்கு கன்னத்தின் உட்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நாராக இறுக்கிவிடும். முதலில் உறைப்புப் பட்டால் எரியும். பிறகு வாய் முன்போல் திறக்காது. இறுகியது முழுவதுமாகப் பழைய நிலைக்கு வருவதில்லை, அதிலிருந்து புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் இருக்கிறது.

நீங்களே வீட்டில் பார்க்கலாம். மாமியை வாயை அகலத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக நிமிர்த்திப் பற்களுக்கிடையே வைக்கச் சொல்லுங்கள். சாதாரணமாகப் போகவேண்டும். கன்னத்தின் உள்ளே, நாக்கின் இரு ஓரத்திலும், நாக்கின் அடியிலும் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரிச் சிவந்த இடம், தடிப்பு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவாக இருந்தாலும் பொறுத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் மக்கள் பிந்தி வருகிறார்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்த நல்ல வாய்ப்பிருக்கிறது.

வெற்றிலையை விடுங்கள் என்று மருமகள் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். அவருடைய மகன், உங்கள் கணவர், சொல்லட்டும், அல்லது நாங்கள் சொல்கிறோம். வந்தவருக்கு வெற்றிலைத் தட்டு வைப்பது நம் மரியாதை, அது அப்படியே இருக்கட்டும். மெல்லுவதைத்தான் விடச் சொல்கிறேன். ஒரேயடியாக முடியாவிட்டால், முதலில் புகையிலையை நிறுத்தட்டும். வெற்றிலையைக் கொடுப்பில் அடக்கிக்கொண்டு தூங்குவதை அதே நாளில் நிறுத்தட்டும். பிறகு பாக்கு. கணவரும் படகில் போடுகிறாரா என்று கேளுங்கள். கடலுக்குப் போகும் பலர் இரவில் தூக்கத்தை விரட்ட வெற்றிலையோ பைக்கற்றில் வரும் பாக்குக் கலவையோ போடுகிறார்கள்.

மாமிக்கு நீரிழிவு இருந்தால் அதையும் பல் வைத்தியரிடம் சொல்லுங்கள். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு நோய் கூடும், முரசு நோய் இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். சூத்தையே இல்லாத பற்கள் முரசு நோயால் ஆடி விழுவதும் உண்டு.

உங்கள் இரத்தக் கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் முரசு ஓரத்தில் படிந்த அழுக்குத்தான். இரத்தம் வரும் இடத்தைத் தீட்டாமல் விடுவது எல்லோரும் செய்வது. அங்கேதான் மிருதுவான பிரஷால், மெதுவாக, கூடக் கவனமாகத் தீட்டவேண்டும். இரண்டு வாரத்தில் குறையும். குறையாவிட்டால் அழுக்கு கல்லாக இறுகிப் படிந்திருக்கலாம், பல் வைத்தியரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். இடுக்கில் சிக்கியதை ஊசியாலும் ஈர்க்காலும் குத்தி எடுக்காதீர்கள்.

கணவருக்கு ஒரு அவசரச் செய்தி. கராம்பு எண்ணெய் வலியை மரத்துப்போகச் செய்யும், சூத்தையை ஆற்றாது. அடிக்கடி வைத்தால் முரசு வெந்துபோகும். வலி மாத்திரையைப் பல்லின் மேல் வைத்து அடக்குவதும் அப்படித்தான், புண்தான் மிச்சம். ஒரு நாள் வலி திடீரென்று நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பல்லின் நரம்பு செத்திருக்கலாம், கிருமி வேரடிக்கு இறங்கிக்கொண்டிருக்கலாம். இப்போதே போனால் மருந்து அடைத்தோ வேர்ச் சிகிச்சை செய்தோ அந்தப் பல்லை வைத்துக்கொள்ள வழியிருக்கலாம். முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், விழுங்கவோ வாயைத் திறக்கவோ கஷ்டமென்றால், இரவா பகலா என்று பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவில் கட்டணம் கிடையாது. மகனுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களும் இருக்கின்றன, 13 வயது வரைப் பிள்ளைகளை அங்கே பார்ப்பார்கள். கணவர் கடலுக்குப் போகாத ஒரு நாளாகப் பார்த்து எல்லோரும் ஒன்றாகப் போங்கள். மாமி, "எனக்குப் பல்லு நல்லாத்தானே இருக்கு, நான் ஏன் வரணும்" என்பார். பேரனுக்குத் துணையாக வரச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய், அவருடைய பெயருக்கும் ஒரு துண்டு எடுத்துவிடுங்கள்.